தகரக் கூரையிலிருந்து நடுமுற்றம் வரை

சியாம் தேசத்துக்குக் குடிபோக நான் ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை. அலோர் ஸ்டாரில் என் வீட்டு வாசலில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே சியாம்காரன் ஆனேன். போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் எங்கள் கெடா மாநிலத்தைத் தூக்கிச் சியாமிடம் கொடுத்தார்கள். கெடாவோடு சேர்த்து எங்களையும். அதுவரை பல் பிடுங்கவும் செருப்பு வாங்கவும் போய்வந்த பினாங்கு அன்றிலிருந்து எங்களுக்கு வெளிநாடு.

அந்த வெளிநாட்டிலிருந்து ஓர் ஆள் மூலம் செய்தி வந்தது. என் தங்கை பூரணத்துக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க ஒரு பிடி அரிசி இல்லை, அண்ணன் வந்தால் நல்லது. பூரணம் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். பல வருஷம் கழித்து வந்த இந்தப் பிள்ளைக்காக நான் சியாமிலிருந்து என்ன, சீனத்திலிருந்தும் நடந்து போயிருப்பேன்.

கெடாவில் நெல்லுக்குக் குறைவில்லை. எல்லை ஆற்றைத் தாண்டினால் மரவள்ளிக் கிழங்குதான். ஆனால் அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம். என் மனைவி அதற்கும் ஒரு வழி கண்டாள். அரிசியை ஒரு குழந்தைத் தலையணைக்குள் கொட்டித் தைத்து, மேலே ஓரத்தில் கிளிப்பச்சை நூலில் ஒரு பூவும் போட்டுக் கொடுத்தாள். மிளகும் மஞ்சளும் வேர்க்கொம்பு என்கிற சுக்குமாகப் பிள்ளைப்பேற்றுச் சரக்கு தனி முடிச்சு.

ரயிலுக்கு அப்போது நிலக்கரி கிடையாது, விறகில் ஓடியது. ஓடியது என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். ரப்பர்த் தோட்டம் ஒன்றின் நடுவே விறகு தீர்ந்து நின்றுவிட்டது. மழை நின்று வாரக்கணக்காகியிருந்தது. பெட்டிக்குள் இருக்க முடியாமல் எல்லோரும் இறங்கி ரப்பர் மர நிழலில் குந்தினோம். இலையுதிர்க்கிற பருவம், அந்த நிழலும் கிழிந்த குடை போலத்தான் இருந்தது. டிரைவரும் இரண்டு கூலிகளும் விறகு வெட்டி ஏற்றும்வரை, மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் நிழல் நகர நகரக் கூடவே நகர்ந்துகொண்டிருந்தோம்.

எல்லைச் சோதனைக்கு ஏறிய சிப்பாய்க்குக் கால் வலி போலிருக்கிறது. என் தலையணையைக் காட்டி, அதைப் பலகை ஆசனத்தில் போட என்னையே ஏவி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டே எங்கள் மூட்டைகளைக் கிளறினான். என் தங்கையின் சோற்றின்மேல் ஜப்பான் சாம்ராஜ்யம் உட்கார்ந்திருந்தது. எனக்கு நெஞ்சு அடித்த அடிப்பு அவனுக்குக் கேட்காதது முருகன் செயல். அவன் இறங்கியதும் எதிரிலிருந்த மலாய்ப் பெண்மணி தலையணையை எடுத்து என்னிடம் நீட்டினாள். கையில் அதன் கனத்தை உணர்ந்தவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "உங்கள் குழந்தைக்குக் கனமான கனவுகள் வரும், துவான்" என்று மலாயில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பினாங்குப் படகுத்துறையில் இறங்கியபோது கடிகாரம் பிற்பகல் என்றது. என் காலடி நிழல் உச்சிப்பொழுது என்றது. ஊரிலுள்ள கடிகாரங்கள் எல்லாம் தோக்கியோ நேரம் காட்டின. வெயில் மட்டும் பழைய நேரப்படியே வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

என் பெட்டியை ஏற்றிக்கொண்டவர் ஜெலுத்தோங்கில் குடியிருக்கும் முனியாண்டி என்ற தள்ளுவண்டிக்காரர். கோணிச் சாக்கில் தைத்த கால்சட்டை, தலையில் ஈரத் துண்டு. நான் தெரு நடுவே நடக்கத் தொடங்கியதும் அதட்டினார்.

"அண்ணே, நடு ஜாலான்ல போகாதீங்க லா! மண்டை பொளந்துரும். அஞ்சடிக்குள்ள ஏறுங்க."

கடைவீட்டு மாடியைத் தாங்கும் தூண்களுக்கும் கடைச் சுவருக்கும் நடுவே ஐந்தடி அகலத்தில் ஓடும் நடைபாதையைத்தான் இங்கே அஞ்சடி என்பார்கள். மராமத்து இலாகாவில் வரைபடக்காரனாக இருபது வருஷம் குப்பை கொட்டியவன் நான். அஞ்சடி இல்லாத கடைவீட்டு வரைபடத்தைத் திருப்பி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அப்போதெல்லாம் அது எனக்கு இரண்டு கோடுகள்தான். அன்று தார் இளகிக்கிடந்த தெருவை விட்டு அந்த நிழலுக்குள் ஏறியபோது, இதை முதலில் யோசித்தவன் யாராயிருந்தாலும் நன்றாயிருக்கட்டும் என்று வாழ்த்தினேன்.

"காலைல இந்தப் பக்கம், பொழுது சாஞ்சா அந்தப் பக்கம்" என்றார் முனியாண்டி. "பினாங்குக்காரன் பாதி வயசு ரோட்டைக் கடக்கறதுலயே போயிரும்."

அவருடைய வண்டி அஞ்சடியில் ஏறாது. ஆகவே நான் நிழலில், அவர் வெயிலில். இப்படியே பேசிக்கொண்டு போனோம். எனக்கு அது சங்கடமாக இருந்தது. அவருக்கு அது தோன்றியதாகவே தெரியவில்லை.

முச்சந்தியில் காவல். அங்கே எல்லோரும் அஞ்சடியை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, வெயிலில் நின்று சிப்பாய்க்குக் குனிய வேண்டும். எனக்கு முன்னால் குனிந்த கிழவர் போதுமான அளவு குனியவில்லையாம். அவரை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று முனியாண்டி கண்ணால் சொன்னார். நாங்கள் நடந்தோம். தெருவோர மரங்கள் இருந்த இடத்தில் அடிக்கட்டைகள். எல்லாம் யார் யார் வீட்டு அடுப்பிலோ போயிருந்தன.

தங்கை வீடு சந்து ஒன்றில், ஒரு சீனக் கடைவீட்டின் மேல்மாடி. வாசல் அஞ்சடியில் ஒரு மண்பானையும் சிரட்டை அகப்பையும் வைத்திருந்தது. யாரையும் கேட்காமல் இரண்டு அகப்பை தண்ணீர் குடித்தேன். தொண்டையிலிருந்து வயிறுவரை அது இறங்கிய வழி தெரிந்தது. உள்ளே இருட்டிலிருந்து ஒரு சீனத்து அம்மாள் எட்டிப் பார்த்து, மலாயில், "மெதுவாகக் குடி, விக்கும்" என்றாள்.

அவள்தான் ஆ சிம், வீட்டுக்காரி. கணவன் இல்லை. ஒரே மகனை, ஆள் காட்டிக்கொடுக்க முகமூடி போட்டு நின்றவன் ஒருவன் தலையசைத்தான் என்பதற்காக ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருக்கிறானா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்துதான் வாசலில் இந்தப் பானை. இதெல்லாம் தங்கை புருஷன் செல்லத்துரை படியேறும்போது என் காதில் சொன்னது. செல்லத்துரை துறைமுகத்தில் கிளார்க். பரம சாது. முச்சந்தியில் காவல் இருக்கிறதோ இல்லையோ, அந்த இடத்தில் குனிந்துவிட்டே போகிற மனுஷன்.

மேல்மாடிக்குள் நுழைந்ததும் யாரோ முகத்தில் சூடான துணியைப் போட்டு மூடியது போலிருந்தது. குண்டு விழுந்த நாளில் முன்பக்கத்து ஓடு முழுக்கப் போய்விட்டது. அந்த இடத்தில் தகரம் போட்டிருந்தார்கள். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்ற உத்தரவுக்காக ஜன்னலின் மேலிருந்த காற்றுத் துளைகள்வரை கறுப்புக் காகிதம். அந்தத் தகரத்துக்குக் கீழே, சாத்திய ஜன்னல்களுக்குள்ளே, கட்டிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு என் தங்கை. பக்கத்தில் ஒரு முழம் நீளத்தில் என் மருமகன், சிவந்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டு.

"பூரணம், இது அறையோ, பாண் சுடுற போறணையோ?" என்று ஜன்னல் பக்கம் போனேன். ரொட்டி சுடும் அடுப்பை எங்கள் யாழ்ப்பாணத்தில் போறணை என்போம்.

"அண்ணை, துறக்காதேங்கோ! காத்துப் படும்!"

அவள் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு என் கை நின்றுவிட்டது. முதல் பிள்ளை மழைக்காலத்தில் பிறந்தது. மழையைக் காட்டுகிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் சளி கட்டிப் பிள்ளை போய்விட்டது. காற்றுப் பட்டுவிட்டது என்று வந்த பெண்கள் சொன்னார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்கள். திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

அன்று மாலை தலையணையைப் பிரித்தோம். சிப்பாய் உட்கார்ந்த அரிசி நன்றாகவே வெந்தது. பூரணம் வெள்ளுள்ளியும் மிளகும் போட்ட சரக்குக் கறியோடு சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு கிண்ணம் அரிசியை ஆ சிம்முக்குக் கொடுத்தனுப்பினோம். பதிலுக்கு அவள் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் அனுப்பினாள்.

இரண்டாம் நாள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு, பிறகு மறதி. செல்லத்துரை தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி டிரெஸர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் பிள்ளையைத் தொட்டார், பிறகு அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார்.

"இது நோவுக் காய்ச்சல் இல்ல சார், சூட்டுக் காய்ச்சல். எங்கிட்ட மருந்து இல்ல. இருந்தாலும் இதுக்கு மருந்து கெடையாது. குளுமையான எடத்துக்கு மாத்துங்க, இளஞ்சூட்டுத் தண்ணில தொடச்சு விடுங்க. இந்த ரூம்லயே வச்சிருந்தா புள்ள தாங்காது."

பூரணம் எல்லாவற்றையும் கேட்டாள். ஜன்னல் திறக்கட்டுமா, துடைக்கட்டுமா என்றதற்கு மட்டும் கூடாது என்று தலையை ஆட்டினாள்.

ஜன்னல் இல்லையென்றால் கூரை என்று என் மராமத்து மூளை வேலை செய்தது. தகரத்தின்மேல் கோணிச் சாக்குகளைப் பரப்பி நனைத்துவிட்டால் சூடு கீழே இறங்காது. வரைபடத்தில் இது பிரமாதமான யோசனை. நானும் செல்லத்துரையும் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து ஏற்றினோம். தகரத்தின் ஆணித் துளைகளைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் துளித்துளியாகக் கீழே இறங்கிக் கட்டிலில், தங்கையின் கழுத்தில், பிள்ளையின் நெற்றியில் விழுந்தது.

"இந்தப் பிள்ளையையும் கொல்லப் போறியளோ?" என்று கத்தினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கூரைமேல் சாக்கைப் பிடித்தபடி வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து பார்த்தபோது ஊர் முழுக்க அங்கங்கே தகரம் மின்னியது. ஓடு வேய்ந்த பழைய கூரைகள் கறுத்து, பாசி உலர்ந்து, சும்மா கிடந்தன. கனத்த ஓடு, சுண்ணாம்புச் சுவர், காற்றுத் துளை, தெருவில் மரம், பொழுது சாய்ந்ததும் கடற்கரையில் பாய் விரித்துப் படுப்பது என்று இந்த ஊர் வெயிலோடு ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தது. போர் வந்து ஓடுகளை எடுத்தது, துளையை அடைத்தது, மரத்தை வெட்டியது, இரவில் வெளியே வராதே என்றது. வெயில் அதே வெயில்தான்.

மூன்றாம் நாள் காலையிலேயே புறப்பட்டேன். தகரத்தின்மேல் வேய அத்தாப்புக் கீற்றாவது கிடைக்காதா, அல்லது தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய் வைக்க ஒரு குளிர்ந்த இடமாவது கிடைக்காதா என்று.

கீற்று விற்பவர் கையை விரித்தார். இருந்ததை எல்லாம் இராணுவம் எடுத்துப் போய்விட்டதாம். "அக்கரைல சிம்பாங் அம்பாட் பக்கம் போனீங்கன்னா பின்னுறாங்க அண்ணே. ஆனா படகுல ஏத்த பர்மிட் வேணும். பர்மிட் வர்றதுக்குள்ள மழையே வந்துரும் லா."

குளிர்ந்த இடங்கள் ஊரில் இல்லாமல் இல்லை. கோயில் மண்டபத்தில் கால் வைத்தால் கல் சில்லென்றிருந்தது. ஆனால் துடக்குத் தீட்டுக் கழியாத பிள்ளைப்பேற்றுக்காரியை அங்கே கொண்டுபோக முடியாது. ஐயரைக் கேட்டு அவரையும் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. சுவர் முழ அகலத்தில் இருந்த பழைய பாங்குக் கட்டடத்தில் இராணுவ அலுவலகம். கடற்கரையில் முள்கம்பி. மலைமேல் எப்போதும் குளிர். அங்கே முன்பு வெள்ளைக்காரர் ஏறிப் படுத்தார்கள், இப்போது ஜப்பானிய அதிகாரிகள் படுக்கிறார்கள். மலை எந்த ஆட்சியிலும் எங்களுடையதாக இருந்ததில்லை. குளிர்ச்சிக்கு ஊரில் பஞ்சமில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசற்காவல் இருந்தது என்பதுதான் நான் அன்று அலைந்து தெரிந்துகொண்டது.

சந்தை ஓரத்துக் கடை ஒன்றில் தேங்காய்ப்பூ போட்ட மரவள்ளிப் பலகாரமும், சோளத்தைக் கருக்கிக் காய்ச்சிய ஒன்றைக் காப்பி என்ற பெயரிலும் வாங்கி உட்கார்ந்தேன். கடைக்கார மலாய்க்காரரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, தன் மனைவிக்குச் சூடான கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் கட்டி நாற்பது நாள் வைத்ததாகச் சொன்னார். "காற்று உள்ளே போனால் வெளியே வராது" என்றார். பக்கத்து மேசைச் சீனர் ஆமோதித்து, தங்கள் வீட்டில் மாதம் முழுக்க இஞ்சியும் எள்ளெண்ணெயும்தான், குளிக்கவே விடமாட்டார்கள் என்றார். சாமியிலும் சாப்பாட்டிலும் சுடுகாட்டிலும் தனித்தனியாகப் போகிறவர்கள் நாங்கள். பிள்ளை பெற்றவளை அவித்தெடுக்க வேண்டும் என்பதில் மட்டும் மூவரும் ஒரே கட்சி.

வெறுங்கையோடு திரும்பினேன். பூரணம் படிக்கட்டின் மேல்படியில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கீழே ஆ சிம் வீட்டின் நடுமுற்றம் தெரியும். எங்கள் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டு முற்றம் போலத்தான், சிறியது. மேலே திறந்த வானம், கீழே கல் பாவிய தரை, ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் ஓட்டுக் கூரையின் நிழல். முற்றத்தைப் பார்த்தபடி சாமி மேடை. அதில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணை, அந்தப் புகையைப் பாருங்கோ" என்றாள். "நான் விடியத் துவக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறன். நேரா மேலை போகுது. ஒருக்கா எண்டாலும் ஆடேல்லை."

பார்த்தேன். நூல் பிடித்தது போலப் போய்க்கொண்டிருந்தது.

"அங்கை காத்து இல்லை. ஆனா குளிர் இருக்கு. இஞ்சை நிண்டாலே கால் பெருவிரலுக்குத் தெரியுது." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அங்கை எண்டால் நான் வருவன்" என்றாள்.

நான் அலைந்து தேடியது படிக்கட்டின் அடியில் இருந்தது. அதை எடுத்துச் சொல்லும் துணிவு எனக்கு வந்திருக்காது. அவளே வழி கண்டுபிடித்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. துடக்கு வீட்டில் அதுவும் கூடாது.

செல்லத்துரை கீழே போய்க் கேட்டார். ஆ சிம் சாமி மேடையைக் காட்டி ஏதோ சொன்னாள். செல்லத்துரை தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். பிள்ளை பெற்ற மாதத்தில் ஒருத்தி பிறத்தியார் வீட்டுச் சாமியின் முன்னால் வரக் கூடாதாம். வந்தால் அந்த வீட்டுக்கு ஆகாதாம். "எனக்கு ஆகாவிட்டால் பரவாயில்லை. என் மகனுக்காக அந்தச் சாமியைத் தினமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அதைக் கோபப்படுத்த மாட்டேன்" என்றாளாம்.

ஒரு தாயின் பயத்துக்கு மேல் இன்னொரு தாயின் பயம். இரண்டையும் நான் மதித்தேன். இரண்டுக்கும் நடுவில் கிடந்த பிள்ளைதான் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபோது பிள்ளை அழுவதையும் நிறுத்திவிட்டது. பூரணம் அதன் உதட்டில் பாலைப் பிழிந்து பார்த்தாள். அது கடைவாயில் வழிந்தது. தகரம் மட்டும் சூட்டில் டப், டப்பென்று நெளிந்துகொண்டிருந்தது.

அப்போது படியில் மரச்செருப்புச் சத்தம். ஆ சிம் மேல்மாடிக்கு ஏறியதே இல்லையாம். மூச்சு வாங்க வந்து நின்று, செல்லத்துரையைப் பார்த்து மலாயில் கேட்டாள்: "ஏன் குழந்தை அழவில்லை?"

பூரணம் ஒதுங்கிப் பிள்ளையைக் காட்டினாள்.

அவள் கட்டிலருகே போய்ப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். திரும்பிக் கதவுவரை போனாள். மறுபடி வந்தாள். "சிவப்பு வேண்டும்" என்றாள். "சிவப்பால் மூடினால் சாமிக்கு மரியாதைக் குறைவு இல்லை. கண்ணை மூடிக்கொண்ட சாமி பார்க்காது. முன்பெல்லாம் சிவப்புக் காகிதம் இருந்தது. இப்போது எங்கே?"

சிவப்பைத் தேடினோம். பூரணத்தின் கூறைச் சேலை எப்போதோ ஜெலுத்தோங் பக்கம் கிழங்குக்குக் கைமாறிவிட்டது. ஆ சிம்மின் உடுப்பெல்லாம் கறுப்பும் நீலமும். துணி என்பதே பொன்னாகிவிட்ட காலம் அது.

செல்லத்துரை அலமாரியைத் திறந்தார். வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்தார். கொண்டாட்ட நாட்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்க வேண்டிய ஜப்பான் கொடி. நடுவே பெரிய சிவப்பு வட்டம். ஆபீஸ்காரர் என்பதால் தெருவிலேயே பெரிய கொடி இவருடையதுதானாம்.

"மச்சான், கத்தரிக்கோலை எடுங்கோ" என்றார்.

"செல்லத்துரை, இது தெரிஞ்சால்..."

"தெரியும். நீங்கள் எடுங்கோ."

வெறும் முச்சந்திக்குக் குனிகிற மனுஷன் அவர். ஆனால் நிறுத்தாமல் வட்டத்தைச் சுற்றி வெட்டி எடுத்து, இரண்டு கையாலும் ஆ சிம்மிடம் நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், நடுவில் ஓட்டையோடு கிடந்த கொடியைப் பார்த்தாள். வட்டத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

சாமிக்குத் திரை விழுந்ததும் நாங்கள் இறங்கினோம். பூரணம் பிள்ளையை மார்போடு அணைத்து ஒவ்வொரு படியாகக் கால் வைத்தாள். கெடாவிலிருந்து பினாங்குக்கு வந்ததைவிட அந்தப் படிக்கட்டு எனக்கு நீளமாக இருந்தது. கடைசிப் படியில் அவள் நின்று, காற்று அடிக்கிறதா என்று முகத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, கல் தரையில் காலை வைத்தாள்.

முற்றத்தின் ஓரத்து நிழலில் பாய் போட்டிருந்தது. டிரெஸர் சொன்னதை அப்போதுதான் செய்யவிட்டாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிள்ளையின் கையையும் காலையும் துடைத்தோம். ஆ சிம் துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தாள். முற்றத்து வானத்தில் வெயில் சுவரேறி ஓட்டு விளிம்பைத் தொட்ட நேரத்தில் பிள்ளை தும்மியது. பிறகு முகத்தைச் சுளித்து, பக்கவாட்டில் திரும்பி, எதையோ தேடியது. பூரணம் மார்பில் வைத்தாள். இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. செல்லத்துரை தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். நான் மறைவெல்லாம் தேடாமல் அங்கேயே அழுதேன்.

அடுத்த நாட்களை நான் முற்றத்தைப் பார்த்தே கழித்தேன். வெயில் எந்தச் சுவரில் எப்போது இறங்கும், தொட்டித் தண்ணீர் எப்போது ஊற்றினால் கல் குளிரும் என்பதெல்லாம் ஆ சிம்முக்கு விரல் நுனியில். பூரணத்துக்கு அவள் இஞ்சிச் சாறு கொடுத்தாள். பூரணம் அவளுக்கு மிளகுக் கறி கொடுத்தாள். ஒருவர் கைக்காரத்தை மற்றவர் சகித்துக்கொண்டார். செல்லத்துரை பிள்ளைக்குச் சேலையில் ஏணை கட்டினார். நான் எனக்குத் தெரிந்த வேலையாக, மேல்மாடித் தகரத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து வெள்ளையடித்தேன். ஆணித் துளைகளை இந்த முறை முதலில் தாரால் அடைத்தேன். அறை கொஞ்சம் இளகியது. கொஞ்சம்தான்.

நான் புறப்படும் நாள் நெருங்கியபோது தெருத் தலைவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: நாளை மறுநாள் கொண்டாட்டம், காலையிலிருந்து பொழுது சாயும்வரை எல்லா வீட்டிலும் கொடி தொங்க வேண்டும், தொங்காத வீடு பெயரோடு மேலே போகும்.

பிள்ளைப்பேற்று மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. பிள்ளையை மறுபடி அந்தத் தகரத்துக்குக் கீழே ஒரு பகல் வைக்க யாருக்கும் மனமில்லை. வட்டத்தைக் கழற்றினால் சாமி கண்ணைத் திறந்துவிடும். கழற்றாவிட்டால் செல்லத்துரையைக் கொண்டுபோவார்கள். "கழற்று" என்றாள் ஆ சிம். "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பூரணம் வட்டத்தைக் கொடியில் திரும்பத் தைத்தாள். சிவப்பு நூல் இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளைத் தையல் எறும்பு ஊர்வது போலத் தெரியும். செல்லத்துரை காலையிலேயே அதை மாடி ஜன்னலில், யாரும் எட்டாத உயரத்தில் கட்டினார். தெருத் தலைவர் அஞ்சடியில் நின்று அண்ணாந்து பார்த்தார், பானையில் ஓர் அகப்பை தண்ணீர் குடித்தார், அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்குப் போன உயிர் வந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு விடைபெற உள்ளே போனேன். சாமி மேடையில் திரை இல்லை. மேடைக்கு நேர் முன்னால், மறைத்தாற்போல, ஒரு முக்காலியைப் போட்டு ஆ சிம் உட்கார்ந்திருந்தாள். முகம் சாமியைப் பார்த்து, முதுகு எங்களைப் பார்த்து. விடிந்ததிலிருந்து எழுந்திருக்கவில்லையாம். அவள் முதுகுக்குப் பின்னால் ஏணையில் பிள்ளை தூங்கியது. பாயில் பூரணம் சாய்ந்திருந்தாள்.

"அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் படுங்கள், நான் உட்காருகிறேன்" என்றேன் மலாயில்.

"உன்னைச் சாமிக்குத் தெரியாது" என்றாள் திரும்பாமலே. "என்னைப் பார்த்துப் பழகிவிட்டது. என்னையே பார்க்கட்டும்."

ஒரு கையால் விசிறிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை பின்னால் நீண்டு, பார்க்காமலே ஏணைக் கயிற்றைப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

வழியனுப்ப வந்து பக்கத்தில் நின்ற செல்லத்துரையிடம், என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவருக்கு ஆ சிம் பேசும் ஹொக்கியன் சீனம் நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தார்.

"மகன்ரை பேரைச் சொல்லிக் கும்பிடுறா. பிறகு எங்கடை பிள்ளையையும் சொல்லுறா."

"அவனுக்குத்தான் இன்னும் பேர் வைக்கேல்லையே?"

"ஓம்" என்றார் செல்லத்துரை. "என்ரை வீட்டுப் பிள்ளை எண்டு சொல்லுறா."